மறதியும் மறதி பயமும்

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன், எழுபது வயதுக்காரர் பேரன் பெயரை மாற்றிச் சொன்னால் "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுவார்கள். அல்சைமர் அப்போது பாடநூலின் மூலையில் கிடந்த அரிய நோய். நடுவயதிலேயே அறிவு மங்கியவர்களுக்கு மட்டும் அந்தப் பெயர். அதற்கு மூலம், ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயது ஆகுஸ்டே டெட்டரைப் பார்த்து 1901 நவம்பரில் அலோய்ஸ் அல்சைமர் எழுதிய குறிப்புகள். அந்த அம்மாள் காலிஃபிளவரும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் கீரை என்கிறார். கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொல்கிறார்.

1976-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு தலையங்கம் எழுதினார். நடுவயதில் வருவதும் முதுமையில் வருவதும் ஒரே நோய்தான், அது பெரிய உயிர்க்கொல்லி என்றார். சரியாகவே சொன்னார். ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது, சங்கங்கள் முளைத்தன. 1994-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ரேகன் தனக்கு அந்த நோய் என்று கடிதம் எழுதியதை உலகமே படித்தது. கூடவே பயமும் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கும் இன்று நெஞ்சு திக்கென்கிறது.

இந்தப் பயத்துக்கு விடை அதற்கு முன்பே கிடைத்திருந்தது என்பதுதான் வேடிக்கை. மாண்ட்ரியல் மருத்துவர் கிரால் 1962-இல் மறதியை இரண்டாகப் பிரித்தார். கல்யாணத்தில் பார்த்தவரின் பெயர் வாய்க்கு வராமல் நிற்பது ஒரு ரகம்; கல்யாணத்துக்குப் போனதே நினைவில் இல்லாதது இன்னொரு ரகம். முதல் ரகத்தாருக்குத் தம் குறை தெரியும், அதற்காக வருத்தமும் தெரிவிப்பார்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. 1975-இல் ராபர்ட் கானும் கூட்டாளிகளும் முதியோரைச் சோதித்தபோது, நினைவு போச்சு என்ற புலம்பல் சோதனை மதிப்பெண்ணைவிட மனச்சோர்வோடுதான் அதிகம் ஒத்துப்போனது.

பயம் சும்மாவும் இருப்பதில்லை. மறந்துவிடுவோமோ என்று தன்னையே கவனித்துக்கொண்டிருப்பவர் எதிரே இருப்பவர் சொல்வதைப் பாதிதான் கேட்கிறார். மனதில் பதியாதது பிறகு எப்படி நினைவுக்கு வரும்? 2003-இல் தாமஸ் ஹெஸ் குழுவினர் முதியோரில் ஒரு பகுதியினரிடம், வயதானால் நினைவாற்றல் சரியும் என்ற கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் நம்பிக்கையூட்டும் கட்டுரையைக் கொடுத்தார்கள். பிறகு வைத்த நினைவுச் சோதனையில் முதல் பகுதியினர் பின்தங்கினார்கள்.

அதற்காக எல்லாப் புலம்பலும் வீண் என்று சொல்ல வரவில்லை. சோதனையில் குறையே தெரியாமல், ஏதோ சரியில்லை என்று தாமாகச் சொல்பவர்களில் சிலருக்குப் பின்னாளில் நோய் வருகிறது. மற்றவர்களைவிட அவர்களுக்கு அந்த வாய்ப்பு சற்று அதிகம். ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர்கள் முதலில் கவனிப்பது, நோயாளி தனியாக வந்திருக்கிறாரா, வீட்டார் அழைத்து வந்திருக்கிறார்களா என்பதை. தனியாக வந்து, எந்த நாளில் எதை மறந்தேன் என்று வரிசையாகச் சொல்பவரைப் பற்றி அவர்கள் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஆனால் அவரை "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவது அரைகுறை வைத்தியம். தூக்கம் எப்படி, காது கேட்கிறதா, தைராய்டும் பி12-உம் பார்த்தாயிற்றா, மனசு எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்க இன்னும் கால் மணி நேரம் வேண்டும்.