சிவிடி கார்களுக்குப் போலி கியர் எதற்கு?

சிவிடி கியர்பாக்ஸ் உள்ள எந்தக் காரைப் பற்றிய விமர்சனத்தை எடுத்தாலும் ஒரு குறை தவறாமல் வந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் நிதானமாகப் பின்னால் வருகிறது என்பார்கள். 'ரப்பர் பேண்ட்' என்று அதற்குப் பட்டப்பெயரும் வைத்தாயிற்று. அதே விமர்சனத்தில் நாலு பத்தி தள்ளி, நகர நெரிசலில் அலுங்காமல் போகிறது, மைலேஜும் பரவாயில்லை என்று பாராட்டும் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத குணங்கள், ஒன்றைக் களைந்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வாங்குபவர்களிடம் வேரூன்றிவிட்டது. கார் நிறுவனங்களும் அதற்கு ஒத்துப்போய், கியரே இல்லாத பெட்டிக்குள் கியர் விழுவதுபோல நடிக்கும் மென்பொருளை ஏற்றி விற்கின்றன. திட்டு வாங்குவதும் பாராட்டு வாங்குவதும் ஒரே வேலையின் இரண்டு விளைவுகள்தான். அது புரிந்தால் இந்த நடிப்பு வேண்டாத வேலை என்பதும் புரியும்.

மேனுவல் காரில் ஐந்தோ ஆறோ கியர்கள். ஒரு கியருக்குள் இன்ஜினும் சக்கரமும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை. வேகம் கூடினால் ஆர்பிஎம்மும் கூடும், அடுத்த கியர் போட்டதும் சட்டென்று விழும். சிவிடியில் இந்தப் படிகள் கிடையாது. இரண்டு புல்லிகள், ஒவ்வொன்றும் எதிரெதிராக நிறுத்திய இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் நடுவிலுள்ள பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். விலகினால் அச்சை நோக்கி இறங்கும். ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்குவதால் கியர் விகிதம் வழுக்கிக்கொண்டே மாறுகிறது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் காட்சிக்கு வைத்த 600 என்ற சிறிய காரில் ரப்பர் பெல்ட்டோடு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகும் என்பதால், பிற்காலத்தில் டச்சுக்காரர்கள் அந்தக் கார்களை வைத்து ரிவர்ஸிலேயே பந்தயம் நடத்தியது தனிக் கூத்து. இன்றைய கார்களில் பெரும்பாலும், சில நூறு மெல்லிய எஃகுத் துண்டுகளை எஃகு வளையங்களில் கோத்த பெல்ட் இருக்கிறது. சாதாரண பெல்ட் இழுத்து வேலை செய்யும். இது ஒரு துண்டு அடுத்த துண்டைத் தள்ளித் தள்ளி வேலை செய்கிறது.

பெட்ரோல் இன்ஜின் எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே சிக்கனத்தோடு ஓடுவதில்லை. குறைந்த சுழற்சியில், த்ராட்டில் தாராளமாகத் திறந்து, நல்ல பாரத்தோடு உழைக்கும்போதுதான் ஒரு லிட்டருக்கு அதிக வேலை கிடைக்கும். த்ராட்டில் பாதி மூடிய நிலையில் வேகமாகச் சுழன்றால், காற்றை உறிஞ்சி இழுக்கும் பாட்டிலும் உராய்விலும் எரிபொருள் வீணாகிறது. மேனுவல் ஓட்டுநர் கையிலுள்ள ஐந்தாறு கியர்களில் பொருத்தமானதைத் தேட வேண்டும். சிவிடியின் கணினியோ இப்போது தேவையான சக்திக்கு மிகச் சிக்கனமான ஆர்பிஎம் எது என்று கணக்கிட்டு, இன்ஜினை அங்கேயே நிறுத்திவிட்டு, வேகத்தைப் புல்லிகளை வைத்து ஏற்றுகிறது. சத்தம் ஒரே சுருதியில் நிற்க, வேகம் மட்டும் ஏறுவது இதனால்தான். மிச்சமாகும் பெட்ரோலும் இதனால்தான்.

நிறுவனங்கள் அறிவித்த ஏஆர்ஏஐ மைலேஜ் சோதனைக் கணக்குகள் இதற்குச் சான்று சொல்கின்றன. ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டி மேனுவலுக்கு லிட்டருக்கு 17.8 கி.மீ., சிவிடிக்கு 18.4. எலிவேட்டில் இடைவெளி இன்னும் பெரிது: மேனுவல் 15.31, சிவிடி 16.92. ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவின் 1.5 லிட்டர் பெட்ரோலில் மேனுவல் 17.4, ஐவிடி என்று ஹூண்டாய் அழைக்கும் சிவிடி 17.7. ஆட்டோமேட்டிக் என்றாலே பெட்ரோல் குடிக்கும் என்ற பழைய பயம் இந்தக் கார்களின் விஷயத்தில் செல்லாது. ஆனால் அந்தச் சோதனையின் இயல்பையும் பார்க்க வேண்டும். இந்தியச் சோதனை ஓட்டம் 20 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. உச்ச வேகம் 90 கி.மீ. நகரப் பகுதியில் நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட 26 நொடி கொடுக்கிறார்கள். சென்னை அண்ணா சாலையில் யாராவது அப்படிக் கிளம்பினால் பின்னாலிருக்கும் ஆட்டோக்காரர் சும்மா விடமாட்டார். இவ்வளவு மென்மையான ஓட்டத்தில் சிவிடி தன் பலத்தை முழுதாகக் காட்டும். காலைக் கொஞ்சம் கனமாக வைத்தால் ஆர்பிஎம் ஏறி, அந்த லாபம் கரைந்துவிடும். ஆக, இன்ஜின் கத்துவது ஓட்டுபவருக்கு ஓர் அறிவிப்பு: சிக்கனமான இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள், இனி நீங்கள் கேட்பது வேகம், அதற்குரிய பெட்ரோல் செலவாகும்.

சிவிடி போட்டால் மைலேஜ் கூடியே தீரும் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட்டின் டர்போ இன்ஜினில் மேனுவல் லிட்டருக்கு 20 கி.மீ. என்று அறிமுகமானது, சிவிடி 18-க்கும் கீழே. பெல்ட் வழுக்காமலிருக்க, புல்லித் தட்டுகளை எண்ணெய் அழுத்தத்தால் எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அந்த அழுத்தத்தைத் தரும் பம்பை ஓட்டுவதும் இன்ஜின்தான். பல்சக்கரத்தோடு ஒப்பிட்டால் சக்தியைக் கடத்துவதில் பெல்ட் எப்போதும் சற்றுக் கீழேதான். குறைந்த ஆர்பிஎம்மிலேயே நன்றாக இழுக்கும் சிறிய டர்போ இன்ஜினில், சிவிடி மிச்சம் பிடிக்க ஏற்கெனவே அதிகம் இல்லை. கடத்தல் இழப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. இதே மேக்னைட்டில் மேனுவலுக்கு 160 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, சிவிடிக்கு 152 என்று குறைத்து வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. மாருதி 2022-இல் பலேனோவிலிருந்து சிவிடியை எடுத்துவிட்டு, மேனுவல் பெட்டியின் கியர்களைத் தானாக மாற்றும் ஏஎம்டி போட்டது. அந்த ஏஎம்டிக்கு 22.94 கி.மீ., மேனுவலுக்கு 22.35. விலை குறைவு, மைலேஜ் அதிகம், ஆனால் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் தலை முன்னே போய் வரும். எதை விட்டு எதை எடுப்பது என்பது வாங்குபவர் பாடு.

இனி அந்தக் கத்தலுக்கு வருவோம். கைனடிக் ஹோண்டா காலம் தொட்டு ஸ்கூட்டி பெப், ஆக்டிவா வரை நம் ஊர் ஸ்கூட்டர்களில் இருப்பது சிவிடியேதான். த்ராட்டிலைத் திருகினால் சத்தம் ஓரிடத்தில் நிற்க, வேகம் ஏறிக்கொண்டே போகும். அதை யாரும் குறையென்று சொன்னதில்லை. ஸ்கூட்டர் அதே அளவு இன்ஜின் உள்ள பைக்கைவிட மைலேஜ் குறைவாகத் தருகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஸ்கூட்டரில் விகிதத்தை மாற்றுவது, மையவிலக்கு விசையில் வெளியே தள்ளப்படும் சில உருளைகள். பாரம் எவ்வளவு, சிக்கனமான இடம் எது என்றெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. மின்சாரக் கார்களையும் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரே கியர், படியே இல்லாத வேகம். அதை வெண்ணெய் போல் போகிறது என்று புகழ்கிறோம். அப்படியானால் படி இல்லாதது நமக்குப் பிரச்சினை அல்ல. சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும் என்று பல ஆண்டு கியர் வண்டிகள் நம் காதைப் பழக்கியிருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்துக்குத் தீனி போடத்தான் போலி கியர்கள். அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் ஏறி, விழுந்து, மறுபடி ஏறும்படி நிசான், ஹோண்டா, சுபாரு என்று பலரும் எழுதி வைத்திருக்கிறார்கள். மென்மையாக ஓட்டும்போது இது தலைகாட்டாது, எனவே மைலேஜுக்குப் பாதகமில்லை என்பது அவர்கள் தரப்பு. அது பெரும்பாலும் உண்மை. ஆனால் அழுத்தி மிதிப்பவர் கேட்பது வேகம். அதைத் தர இன்ஜின் தன் உச்ச சக்தி கிடைக்கும் ஆர்பிஎம்மிலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு போலிப் படியும் அதை அங்கிருந்து கீழே இறக்குகிறது. 1993-இல் வில்லியம்ஸ் அணி தன் ஃபார்முலா ஒன் காரில் சிவிடியைப் பொருத்திச் சோதித்தது. சத்தம் ஏறி இறங்காமல் ஒரே சுருதியில் அலறியது. அடுத்த ஆண்டு விதிகள் அதைத் தடைசெய்துவிட்டன. பந்தயக்காரர்கள் தேடிப்போன குணத்தைக் காசு கொடுத்து வாங்கிய காரில் ஒளித்துவைப்பது விசித்திரம். வேண்டுமென்றால் போலிப் படிகளை ஒரு பொத்தானில் வையுங்கள், விரும்பாதவர் அணைத்துக்கொள்ளட்டும்.

ஓட்டும் உணர்வு பற்றிய புகாரில் மறுக்க முடியாத பகுதியும் உண்டு. இருவழிச் சாலையில் லாரியை முந்தச் சட்டென்று மிதிக்கும்போது, புல்லிகள் இடம் மாறும் அந்த ஒரு கணம் வண்டி யோசிப்பது மெய்தான். முந்துவதற்கு ஒரு நொடி முன்பே ஆக்சிலரேட்டரில் காலை ஊன்றத் தொடங்குவதுதான் அதற்கு வழி. போலிப் படிகள் அந்தக் கணத்தைக் குறைப்பதில்லை. டொயோட்டா 2018-இல் வேறு வழி பிடித்தது. கிளம்புவதற்கு மட்டும் ஒரு நிஜப் பல்சக்கரம், பிறகு பெல்ட். உணர்வையும் பெல்ட்டின் பாரத்தையும் ஒருசேரக் கவனித்த தீர்வு அது. மலைப்பாதையில் இன்னொரு சிக்கல். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது 'டி'-யிலேயே விட்டால், சிக்கனம் பார்க்கும் கணினி ஆர்பிஎம்மைத் தாழ்த்தி வைக்க, இன்ஜினின் பிடிப்பு போதாமல் பிரேக் சூடாகிவிடும். 'எல்' அல்லது 'எஸ்' மோடு, அல்லது ஸ்டீயரிங் பின்னாலுள்ள பேடில் உதவும். இந்த ஒரு இடத்தில், ஓட்டுநரே கையால் தேர்ந்தெடுக்கும் படிகள் பயனுள்ளவை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் ஆயுள். நிசான் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சிவிடிக்கு 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று வாரன்டியை நீட்டித்தது. அப்படி நீட்டிக்க வேண்டி வந்ததே புகார்களின் கனத்தைக் காட்டுகிறது. பெல்ட் வழுக்கத் தொடங்கினால் புல்லித் தட்டில் கீறல் விழும்; அந்த எஃகுத் துகள் எண்ணெயில் கலந்து பெட்டி முழுக்கச் சுற்றும். டொயோட்டா ஹைபிரிட்களின் இ-சிவிடியில் பெல்ட்டே இல்லை என்பதால் இந்தப் பயம் அங்கே பொருந்தாது. மற்ற சிவிடி கார் வாங்குபவர் டெஸ்ட் டிரைவில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு முகம் சுளிப்பதைவிட, கியர்பாக்ஸ் ஆயிலை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், பழுதானால் பிரித்துச் சரிசெய்வார்களா அல்லது பெட்டியையே மாற்றச் சொல்வார்களா, நீட்டித்த வாரன்டியில் கியர்பாக்ஸ் சேருமா என்று ஷோரூமில் விசாரிக்கலாம். 'அந்த ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் சார்' என்று பதில் வந்தால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.