ஹெட்லைட் டூமுக்குள் ஹோம் தியேட்டர்... பைக் ஸ்பீக்கர் கெத்தா, வம்பா?

ஞாயிற்றுக்கிழமை காலையில பூதலூர்ல இருந்து கல்லணைக் கால்வாய்க் கரையோரமா வண்டியை விட்டிருக்கீங்களா? ஒரு பக்கம் புது ஆறு, இன்னொரு பக்கம் வயல். ட்ராஃபிக் கிடையாது, சிக்னல் கிடையாது. அந்த அமைதியில பின்னாடி இருந்து முதல்ல பேஸ் வரும், அப்புறம் பாட்டு வரும், கடைசியாத்தான் பைக் வரும். ஹெட்லைட் டூமுக்குள்ள ரெண்டு ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில ஒரு ஆம்ப், ஹேண்டில்பார்ல செல்போன். முன்னாடியெல்லாம் டிராக்டருக்கு மட்டும் இருந்த மரியாதை இது. இப்போ பைக்குக்கும் வந்துடுச்சு.

இது ஏன் இப்போ கூடுது? காரணம் சினிமாவோ ரீல்ஸோ மட்டும் இல்லை. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து 350 சிசி வரைக்குமான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவிகிதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 1,92,000 ரூபாய், இப்போது 1,77,000. மிச்சம் 15,000. அதேநேரம் 350 சிசி-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு வரி 40 சதவிகிதம் ஆகிவிட்டது. அதாவது, உண்மையான டூரிங் பைக் இன்னும் தூரமாப் போயிடுச்சு. கையில இருக்கிற சின்ன பைக்கையே டூரிங் பைக் மாதிரி மாத்திக்கிற ஆசை பக்கத்துல வந்துடுச்சு. மிச்சமான அந்தப் பணம் நேரா ஆக்சஸரீஸ் கடைக்குத்தான் போகுது.

இந்த ஆசைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1980-ல ஹோண்டா தன் கோல்டு விங் பைக்கின் இன்டர்ஸ்டேட் மாடலை, கம்பெனியிலேயே ஃபேரிங், பெட்டிகள் எல்லாம் மாட்டி விற்றது. ஸ்டீரியோவும் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. ஹார்லி டேவிட்சனின் வௌவால் இறக்கை மாதிரி இருக்கும் ஃபேரிங்குக்குள் ஸ்பீக்கர் மாற்றித் தருவதையே அமெரிக்காவில் பல கடைகள் முழுநேரத் தொழிலாகச் செய்கின்றன. கோல்டு விங் இந்தியாவிலும் விற்பனைக்கு இருக்கிறது. விலை கிட்டத்தட்ட 40 லட்சம். நம்ம டெல்டாவுல அந்தக் காசுக்கு வேற என்னவெல்லாம் வாங்கலாம்னு கணக்குப் போட்டா தலை சுத்தும், விடுங்க.

விஷயம் என்னன்னா, அந்த வண்டிகளில் பாட்டு கேட்பதற்குக் காரணம் ஸ்பீக்கர் மட்டும் இல்லை. உயரமான, அகலமான கண்ணாடி காற்றை ஓட்டுபவரின் தலைக்கு மேலே தள்ளிவிடுகிறது. ஸ்பீக்கர் முகத்தைப் பார்த்து இருக்கிறது. நம்ம பல்சர் 220 மாதிரியான வண்டிகளில் அரை ஃபேரிங் உண்டு. ஆனால் அது ஹெட்லைட்டையும் மீட்டரையும் மூடத்தான். மேலே உள்ள வைசர் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். காற்று நேரா நெஞ்சுலயும் ஹெல்மெட்லயும்தான் அடிக்கும்.

மணிக்கு 100 கி.மீ வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ள காற்றுச் சத்தம் மட்டுமே 95-ல் இருந்து 100 டெசிபல் வரை போகும். 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்சார் ஆரோக்கிய நிறுவனமான நியாஷ் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். பூதலூர்ல இருந்து செங்கிப்பட்டி போய் நெடுஞ்சாலையைப் பிடிச்சீங்கன்னா, பாட்டே போடாமலேயே உங்க காதுக்கான அன்றைய கோட்டா திருச்சி போறதுக்குள்ள தீர்ந்துடும். அந்தச் சத்தத்தைத் தாண்டி பாட்டு கேட்கணும்னா ஸ்பீக்கர் அதைவிட அதிகமா அலறணும்.

இங்கேதான் நிஜமான ஆபத்து. ஹெல்மெட் போட்டால் பாட்டில் உள்ள மேல் ஸ்தாயி ஒலிகள் மங்கிவிடும். காற்றிரைச்சல் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில் இருப்பதால் பேஸும் அமுங்கிவிடும். மிச்சம் ஒரு கரகரப்பு. அதனால் என்ன செய்கிறார்கள்? வால்யூமைக் கூட்டுகிறார்கள். அதுவும் போதாவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல வெச்சுக்கிறாங்க. பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கரை ரசிக்கிறதுக்காகத் தலையைத் திறந்து விடுற இந்தக் கணக்கு எனக்கு எப்பவும் புரிஞ்சதில்லை. சாலையும் சும்மா இல்லை. அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும், வைக்கோல் கிடக்கும், வளைவில் அறுவடை மெஷின் திடீர்னு நிக்கும், பின்னாடி டவுன் பஸ் ஹாரன் அடிக்கும். கரை ரோட்டில் ஒதுங்க இடமே கிடையாது. ஹாரன் காதில் விழுந்தால்தான் ஒதுங்கவே யோசிப்போம்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? "ஸ்பீக்கர் மாட்டினாலே ஃபைன்"னு சிலர் சொல்வாங்க, "ஆர்.சி-லயே ஸ்பீக்கர் பத்தி எதுவும் இல்லையே"ன்னு சிலர் சொல்வாங்க. ரெண்டுலயும் பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை அழுத்திச் சொன்னது. ஆனால் அந்தப் பிரிவே, மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று விளக்கமும் தருகிறது. டூமுக்குள் ஒளிந்திருக்கும் நாலு இன்ச் ஸ்பீக்கர் அந்த வரையறைக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. என் கருத்து, வராது. ஆனால் ஸ்பீக்கருக்காக ஹெட்லைட்டை இடம் மாற்றினாலோ, இண்டிகேட்டரைக் கழற்றினாலோ கதை வேற. அனுமதி இல்லாத மாற்றம் என்று முடிவானால், 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

மாட்டியது தப்பில்லை என்றாலும் அலற விட்டது தப்பாகலாம். 190-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, சாலைப் பாதுகாப்பு, ஒலி, புகை தொடர்பான தரங்களை மீறும் வண்டிக்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியில் இருந்து காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. பள்ளி, மருத்துவமனை பக்கம் இன்னும் 5 டெசிபல் குறைவு. சாதாரணப் பேச்சே 60 டெசிபல் இருக்கும்னா, உங்க ஆம்ப் எங்க நிக்கும்னு யோசிச்சுக்கோங்க. அதுக்கு மேல ஊர் சட்டம் ஒண்ணு இருக்கு. துக்க வீட்டுப் பந்தலைக் கடக்கும்போது பாட்டை நிறுத்தலைன்னா எந்தப் பிரிவும் தேவைப்படாது, ஊர்ப் பெரியவங்களே பார்த்துப்பாங்க.

இவ்வளவுக்குப் பிறகும் மாட்டித்தான் ஆகணும்னா, முதல்ல கரன்ட் கணக்கு. அட்டைப்பெட்டியில் '1000 வாட்ஸ்' என்று போட்டிருப்பதை நம்பாதீங்க. ஆர்.எம்.எஸ் என்று சின்ன எழுத்தில் இருப்பதுதான் நிஜம். உண்மையான 100 வாட்ஸ் கொடுக்கும் கிளாஸ்-டி ஆம்ப், முழு சத்தத்தில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய கிளாஸ்-ஏபி வகை என்றால் இன்னும் அதிகம், பாதி கரன்ட் வெறும் சூடாகவே போயிடும். நம்மூர் 200 சிசி வண்டிகளின் பேட்டரி பெரும்பாலும் 8, 9 ஆம்பியர்-ஹவர்தான். கல்லணையில் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மதியம் வரைக்கும் பாட்டு ஓடவிட்டால் சாயங்காலம் செல்ஃப் எடுக்காது. புது வண்டிகள் பலவற்றில் கிக்கரும் கிடையாது. தள்ளிட்டுத்தான் வரணும். ஓட்டும்போதும் மேக்னட் காயில் தரும் கரன்ட்டை ஹெட்லைட், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், பேட்டரி சார்ஜ் எல்லாம் பங்கு போட்ட பிறகு மிஞ்சுவதுதான் ஸ்பீக்கருக்கு.

அடுத்தது வயரிங். என் சித்தப்பா பையன் வண்டியில் ஒரு கடையில் ஹெட்லைட் வயரிலேயே ஆம்புக்கு ஜாயின்ட் போட்டு, இன்சுலேஷன் டேப் சுத்தி அனுப்பிட்டாங்க. ஃப்யூஸ் இல்லை. மூணு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. ஐப்பசி மழையில ஒரு ராத்திரி வீட்டுக்கு வரும் வழியில டூமுக்குள்ள புகை. ஹெட்லைட்டும் போச்சு. செல்போன் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு வண்டியை உருட்டிட்டு வந்தான். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் வயர் இழுபட்டு, தோல் உரிஞ்சு, பாடியில உரசியிருக்கு.

அதனால் ஆம்புக்கான லைன் நேரா பேட்டரியில இருந்து வரணும். பேட்டரிக்குப் பக்கத்துலேயே ஃப்யூஸ் இருக்கணும், ஆம்ப் பக்கத்துல இல்லை. சாவியை ஆஃப் பண்ணினா ஆம்பும் ஆஃப் ஆகுற மாதிரி ரிலே வேணும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பார்த்து, வயர் இறுகாம தளர்வா இருக்கான்னு மெக்கானிக் முன்னாடியே செக் பண்ணுங்க. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள்ல கம்பெனி வயரிங்கை வெட்டினா சென்சார் கோளாறு வரலாம், வாரன்டியும் கேள்விக்குறி.

ஸ்பீக்கர் வாங்கும்போது காகிதக் கோன் வேண்டாம். டெல்டா மழையில ஒரே சீசன்ல ஊறிடும். பிளாஸ்டிக் கோன், ரப்பர் விளிம்பு உள்ளதா, தண்ணீர் தாங்குறதா பாருங்க. ஸ்பீக்கருக்கும் டூமுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், பேஸ் காணாமல் போகும். சுத்தி ஃபோம் ஒட்டினாலே பாதி சரியாகிடும். பேஸைக் கூட்டாம, 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஆம்ப்ல வெட்டிவிடுங்க. சின்ன ஸ்பீக்கர் அதைச் சமாளிக்க முயற்சி பண்றதாலதான் கிழியுது. வெட்டினா குரல் தெளிவாகும், கரன்ட்டும் மிச்சம். போனையும் வெறும் ஹோல்டர்ல மாட்டாதீங்க. பைக் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம்னு ஆப்பிளே 2021-ல எச்சரிச்சிருக்கு.

இன்னொண்ணு, கடைக்காரர் சொல்ல மாட்டார். வெளியில வாங்கி மாட்டின எலெக்ட்ரிக்கல் பொருட்கள் சாதாரண இன்ஷூரன்ஸில் தானா சேராது. பாலிசியில் 'ஐஎம்டி 24' என்ற தனிச் சேர்க்கை இருக்கு. வழக்கமா பொருளின் மதிப்பில் 4 சதவிகிதம் பிரீமியம். 10,000 ரூபாய் செட்டுக்கு 400 ரூபாய். ஒயரிங்ல தீப்பிடிச்சு க்ளெய்ம் கேட்டா, கம்பெனி முதல்ல தேடுறதே சொல்லாம மாட்டின பொருள் இருக்கான்னுதான். பில்லை பத்திரமா வெச்சுக்கோங்க, புதுப்பிக்கும்போது எழுதிக் கொடுங்க.

என் ஓட்டு எங்கேன்னு கேட்டா, 40, 50 கி.மீ வேகத்துல கரை ரோட்டுல போறவங்களுக்கு, பக்கத்து வண்டி ஹாரன் கேட்கிற அளவு சத்தத்துல, சரியா வயரிங் பண்ணின சின்ன செட் ஓகே. ஹைவேக்கு சுத்தமா வேஸ்ட். சித்தப்பா பையன் புது ஹெட்லைட் செட் வாங்கினதுக்கு அப்புறம் டூமை மூடியே வெச்சிருக்கான். மிஞ்சின ஸ்பீக்கர் ரெண்டும் இப்போ மாமாவோட டிராக்டர்ல இருக்கு. சம்பா உழவுக்குப் பாட்டு தடையில்லாம ஓடுது, பேட்டரியும் பெருசு.