ரெண்டே ரெண்டு அங்குலம்!

டெட்ராய்ட் பக்கம் வந்து ஆறு வருஷமாகிறது. இந்த ஊரில் ஒரு மனுஷனுடைய மரியாதை, அவன் பிக்கப் டிரக் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. வேலை பார்ப்பது கார் கம்பெனியில். (உடனே பெரிய இன்ஜினீயர் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளப் பட்டியல் போடுகிற கம்ப்யூட்டர் புரோகிராம்தான் என் இலாகா!) அந்த ஆபீஸ் பார்க்கிங்கில் என் 2004 மாடல் ஃபோர்டு ரேஞ்சர், பெரியவர்கள் பந்தியில் உட்கார்ந்த எல்.கே.ஜி. பையன் மாதிரி இருக்கும்.

"ரெண்டு இன்ச் தூக்கிடு. கடைக்கெல்லாம் போகாதே, வீட்லயே பண்ணலாம்" என்று ஆபீஸ் நண்பன் உசுப்பேற்றினான்.

விசாரித்தால் விஷயம் சுலபம்போலத்தான் இருந்தது. 1998-லிருந்து 2011 வரை வந்த ஃபோர்வீல் டிரைவ் ரேஞ்சருக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்று நீளமாக ஒரு இரும்புத் தண்டு. ஈரத் துண்டைப் பிழிகிற மாதிரி அது முறுக்கிக்கொண்டு வண்டியைத் தாங்குகிறது. அதன் கோடியில் ஒரு போல்ட். திருகினால் வண்டியின் மூக்கு தானாக மேலே வரும். செலவு பூஜ்யம்! பின்பக்கத்துக்கு, நம் ஊர் லாரிகளில் இருக்கிற மாதிரி ஸ்பிரிங் பட்டைகள். அந்த அடுக்கில் கூட ஒரு பட்டையைச் சொருக வேண்டும். அதற்கும் புது யூ போல்ட்டுகளுக்கும் சேர்த்து நூற்றைம்பது டாலருக்குள் முடிந்தது.

"ஏங்க, வியாழக்கிழமை அத்தை வராங்க. இப்ப எதுக்கு இந்த வேலை?" என்றாள் மனைவி.

"சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவேன்" என்றேன்.

சனிக்கிழமை காலை. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டேன். டிரைவர் பக்கம் கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. யார் உட்கார்ந்து உட்கார்ந்து தாழ்ந்தது என்ற ஆராய்ச்சி வேண்டாம்.

பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் கழற்றினேன். முதுகு அழுக்காகாமல் இருக்க அடியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தேன். ஸ்பானரைக் கையில் எடுத்து, இதோ, படுக்கப் போகிறேன்... பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியைத் தாண்டி வந்தார். அடியில் போகப் போகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒன்றும் பேசாமல் வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்து லேசாக ஒரு தள்ளு தள்ளினார்.

அவ்வளவுதான். வண்டி முன்னால் உருண்டது, ஜாக்கி சாய்ந்தது, 'டமார்!' பிரேக் டிரம் அட்டைப்பெட்டியின் மேல் இறங்கி அச்சு பதித்தது. இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் அந்த அட்டையில் இருந்திருக்க வேண்டியது என் நெஞ்சு.

"பார்க்கிங் பிரேக் போட்டிருந்தேனே!" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அது பின்சக்கரத்தைத்தானே பிடிக்கும்? அதைத்தான் நீ ஆகாயத்தில் தூக்கி வைத்திருக்கிறாயே!"

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. வீட்டுக்குப் போய் இரும்பு ஸ்டாண்டு ரெண்டும், முன்சக்கரத்துக்கு அண்டை கொடுக்க மரக்கட்டைகளும், ஸ்டாண்டு தாரில் புதையாமல் இருக்க ரெண்டு பலகைத் துண்டும் கொண்டுவந்தார். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும்தானாம், தாங்குவதற்கு ஸ்டாண்டு. வண்டியைச் சட்டத்தோடு ஸ்டாண்டில் உட்கார வைத்து, அவரே நாலு திசையிலும் உலுக்கிப் பார்த்த பிறகுதான் என்னை உள்ளே அனுமதித்தார். என் மனைவி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள் என்பது ராத்திரிதான் தெரிந்தது. அந்தப் பகுதி இங்கே வேண்டாம்.

மத்தியானத்துக்குள் முடிந்ததா? மிச்சிகனில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். இருபது வருஷ உப்பு தின்ற யூ போல்ட் நட்டு லேசில் அசையுமா? எண்ணெய் அடித்து ராத்திரி பூரா ஊறப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை நானும் பெரியவரும் சேர்ந்து தொங்கினோம். பட்டை அடுக்கின் நடு போல்ட்டைக் கழற்றும் முன் ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பட்டைகள் படாரென்று விரிந்து முகத்தைப் பதம் பார்த்துவிடும். பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டக் கூடாது, புதுசை நூறு மைல் ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும்... பெரியவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். முன்பக்கம் மட்டும் நிஜமாகவே போல்ட் திருகல்தான். ஒரு மணி நேரம்.

திங்கட்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கில் இறங்கினபோது... இறங்கினபோது என்ன, குதித்தபோது! என்ன கம்பீரம் என்கிறீர்கள்! ஆனால், மூக்கு தூக்கினதில் முன்சக்கரம் கோணிக்கொண்டுவிட்டது. அலைன்மென்ட்டுக்குப் பட்டை விலை அளவுக்கு இன்னொரு தண்டம். சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூட முன்பக்கம் 'ணங்'கென்கிறது. முறுக்கினதில் சக்கரம் கீழே இறங்க இடம் குறைந்துபோகிறதாம். ஹெட்லைட்டும் வானத்தைப் பார்க்க, எதிரே வருகிறவனெல்லாம் லைட்டை மினுக்கித் திட்டினான். அதற்கும் ஒரு ஸ்குரூ.

வியாழக்கிழமை. மனைவியின் காரிலேயே ஏர்போர்ட் போயிருக்கலாம். அம்மாவுக்கு வண்டியைக் காட்ட வேண்டுமே!

பெட்டிகளைப் பின்னால் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். அம்மா ஒரு காலைத் தூக்கினாள். இறக்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி தூக்கினாள். பின்னாலிருந்து நாலு கார் காத்திருக்கிறது. கடைசியில் அவளுடைய கைப்பெட்டியையே கீழே படுக்க வைத்து, அதன் மேல் ஏறச் சொல்லி, இடுப்பைப் பிடித்து உள்ளே ஏற்றினேன். உள்ளே அப்பளக் கட்டு நொறுங்குகிற சத்தம் எனக்கும் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது.

ஹைவே வரும்வரை அவள் பேசவில்லை.

"ஏன்டா, வாங்கறப்பவே வண்டி இவ்ளோ ஒசரமாவா இருந்துச்சு?"

"இல்லம்மா, நான்தான் தூக்கினேன்."

"கம்பெனிக்காரன் நாலையும் யோசிச்சுத்தானே அளவு வெச்சிருப்பான். அவனுக்குத் தெரியாதா?"

நானும் கார் கம்பெனிக்காரன்தான் என்பதை அப்போது அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.