வேலையோடு போகாத வீடு

மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் வீடு என்பது கூலியின் ஒரு பங்காகவே கணக்கிடப்பட்டது. லயம் என்ற வரிசை வீடும் தண்ணீர்க் குழாயும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும் நிர்வாகத்தின் உடைமை. பால் வெட்டும் வேலை முடிந்தாலும் தோட்டம் கைமாறினாலும் குடும்பம் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்திருந்தாலும் அதில் ஒரு பலகைகூடச் சொந்தமில்லை.

இந்த நிலையின் கொடுமை 1950களில் வெளிப்பட்டது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கிய வணிகர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தார்கள். ஐந்து, பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு நூறு குடும்பங்கள் தேவைப்படவில்லை, லயமும் தேவைப்படவில்லை. தோட்டத் துண்டாடல் என்று மலேசியத் தமிழர் இன்றும் நினைவுகூரும் அந்தக் காலத்தில் வேலையும் கூரையும் ஒரே நாளில் பறிபோயின.

அதற்கு எழுந்த பதில்தான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அப்போது அமைச்சராகவும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராகவும் இருந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் அதைத் தொடங்கினார். திட்டம் எளிமையானது: மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி, நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு. திரண்ட பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும். அன்றைய தோட்டக் கூலியில் பத்து வெள்ளி சிறு தொகை இல்லை. ஆயினும் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார், மக்கள் கட்டினார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். துண்டாடப்படாமல் அது முழுத் தோட்டமாகவே நின்றது. மலேசியத் தமிழ்த் தொழிலாளர் தம் சொந்தச் சேமிப்பால் செய்த செயல்களில் இதைவிடப் பெரியது அரிது. அரசின் கொடையோ முதலாளியின் தயவோ இல்லாமல் நடந்தது அது.

ஆனால் பங்குப் பத்திரம் வீட்டுப் பட்டா ஆகிவிடாது. சங்கம் நிலத்தை வைத்திருந்தது, தோட்டத்தை நடத்தியது, ஈவுத்தொகை கொடுத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெறும் தொழிலாளிக்கு எங்கே வீடு என்ற கேள்வி தனியாகவே நின்றது. சட்டங்களும் அதைப் பாதிதான் தொட்டன. தேசிய நிலச் சட்டத்தின் 214அ பிரிவு, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதியின்றிக் கைமாற்றத் தடை விதித்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுத் தரச் சட்டம், முதலாளி தரும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. வேலை முடிந்த பின் குடியிருக்கும் உரிமை அதில் இல்லை.

பால் மரம் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டங்களுக்கு ஆள் தேவை குறைந்தது. குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பாடாங் செராய்க்கும் நகர்ந்தன. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா அந்த ஓட்டத்தை விரைவுபடுத்தியது. லயம் இருந்த இடங்களில் தாமான்கள் என்ற புதிய குடியிருப்புப் பகுதிகள் முளைத்தன; அவற்றின் விலை லயத்தில் இருந்தவருக்கு எட்டவில்லை. 1980களின் தொடக்கத்தில் 25,000 வெள்ளி என்று வைக்கப்பட்ட மலிவு விலை வீட்டின் உச்சவரம்பு, 1998இல் இடத்தைப் பொறுத்து 42,000 வரை உயர்த்தப்பட்டது. மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 வெள்ளிதான். ஆனால் அங்கே இடம் கிடைப்பதே அரிது. குத்தகை முறையில் வேலை செய்பவரிடம் சம்பளச் சீட்டு இருப்பதில்லை; சீட்டு இல்லாதவருக்கு வங்கிக் கடனும் இல்லை.

தன்னார்வ வீடமைப்புச் சங்கங்கள் நிரப்பக்கூடிய இடைவெளி இதுதான். பிரிட்டனில் 1862இல் ஜார்ஜ் பீபடியின் நன்கொடையில் தொடங்கிய அறக்கட்டளை லண்டன் தொழிலாளருக்கு வீடு கட்டி வாடகைக்கு விட்டது. 1974ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் இத்தகைய சங்கங்களுக்கு அரசு மானியத்தைத் திறந்துவிட்டது. அவற்றின் முறை தெளிவானது: நிலம் சங்கத்தின் பெயரில் இருக்கும், வாடகை பராமரிப்புக்கும் கடன் தவணைக்கும் போகும், மிச்சம் அடுத்த வீட்டுக்குப் போகும். லண்டனில் பங்கு வைத்துக் கெடாவில் ரப்பர் எடுத்த நிறுவனங்களின் சொந்த நாட்டிலேயே இந்த முறை வேரூன்றியிருந்தது என்பது மனத்தை உறுத்தும் உண்மை.

கெடாவில் இதற்கு வேண்டியவை முழுக்கப் புதியவை இல்லை. 1993ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யலாம். ஊழியர் சேமநிதியில் வீட்டுக்காக எடுக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. உறுப்பினர் தம் பெயரில் வீடு வாங்கும்போது அது முன்பணத்துக்கு உதவும். நிலம்தான் முட்டுக்கட்டை. அரசமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளது. விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதலும் அதற்கான கட்டணமும் வேண்டும். தோட்டம் வீட்டுமனையாக மாறும்போதே அங்கு வாழ்ந்த குடும்பங்களின் சங்கத்துக்கு ஒரு பகுதியை ஒதுக்குமாறு மாநில அரசு நிபந்தனை வைக்க வேண்டும். மனைகள் விற்றுப்போன பிறகு கேட்டுப் பயனில்லை.

கணக்கும் அதே அளவு முக்கியம். 1986இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது ஏழைகளின் சேமிப்பும் சிக்கியது. அந்தக் கசப்பு இன்னும் பலருக்கு ஆறவில்லை. ஆகவே வீடமைப்புச் சங்கத்தில் சந்தாப் பணம் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டுமே செலவாக வேண்டும். ஆண்டுக் கணக்கு தமிழிலும் மலாயிலும் உறுப்பினர் கைக்கு வர வேண்டும். நிர்வாகக் குழுவில் குடியிருப்போரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும்.