வானத்தில் நெரிசல், மேசையில் திணறல்

ஓய்வு பெற்ற பிறகு சிலர் தோட்டம் போடுகிறார்கள். சிலர் கோயில் கோயிலாகப் போகிறார்கள். என்னைப் போல ஒரு சிலர் வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறோம். ஃப்ளைட் சிமுலேட்டர் என்று அதற்குப் பெயர். இந்தக் கட்டுரை அந்த ஒரு சிலருக்காக. அதிலும், "படம் திக்கித் திக்கி வருகிறதா? கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிடுங்கள் சார்" என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, பென்ஷன் பணத்தை எடுக்க பாங்க்குக்குக் கிளம்புகிறவர்களுக்காக.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய விமான நிலையத்தில் மட்டும் திணறினால், கார்டைச் சந்தேகிக்கும் முன் நாம் வானத்தில் விட்டிருக்கும் மற்ற விமானங்களைச் சந்தேகிக்க வேண்டும்.

சிமுலேட்டரில் நாம் ஓட்டுவது ஒரே ஒரு விமானம். சுற்றிலும் இறங்குவது, ஏறுவது, நின்றுகொண்டிருப்பது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே ஓட்டும். இதற்கு ஏஐ டிராஃபிக் என்று பெயர். இன்று எதற்கெடுத்தாலும் ஏஐ என்கிறார்களே, எங்கள் கூட்டம் இருபது வருடமாக அந்தச் சொல்லைப் புழங்கி வருகிறது! நம்மில் பலர் இன்னும் விடாமல் வைத்திருப்பது 2006-ல் வந்த எஃப்எஸ்எக்ஸ். அதில் பயணிகள் விமானத்துக்கு ஒன்று, சிறிய தனியார் விமானத்துக்கு ஒன்று, சாலை வண்டிக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று, உல்லாசப் படகுக்கு ஒன்று என்று தனித்தனி ஸ்லைடர்கள் உண்டு. ஆசையில் எல்லாவற்றையும் 100-க்குத் தள்ளிவிடுகிறோம். அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது.

காரணத்தை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்கள்தானே நாம்? சாலையை நாலு வழி ஆக்கினாலும் எடைமேடை ஏறித்தான் வண்டி உள்ளே போக வேண்டும். மேடையின் வேகம்தான் வரிசையின் வேகம். கிராபிக்ஸ் கார்டு என்பது சாலை. ப்ராசசர்தான் எடைமேடை. ஒவ்வொரு ஏஐ விமானமும் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், முன்னால் இன்னொன்று நிற்கிறதா, கன்ட்ரோல் டவர் என்ன சொன்னது என்ற கணக்கெல்லாம் ப்ராசசரின் தலையில்தான் விழுகிறது. எஃப்எஸ்எக்ஸ் எழுதப்பட்ட காலத்தில் ப்ராசசரின் வேகம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பினார்கள். நடந்தது வேறு. வேகம் ஏறுவது மந்தமாகி, கோர்கள் இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகின. அந்த மென்பொருளோ முக்கியமான வேலையில் பெரும்பகுதியை ஒரே கோரில்தான் செய்கிறது. மற்றவை ஏறக்குறைய சும்மா இருக்கும். இப்படி இருக்கும்போது புது கார்டு வாங்குவது சாலையை அகலப்படுத்துகிற வேலைதான்.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். சென்னை மீனம்பாக்கத்தில் விமானத்தை ஓர் இடத்தில் நிறுத்துங்கள். நேரம், வானிலை, பார்க்கும் கோணம் எதையும் மாற்றாதீர்கள். ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஷிஃப்ட்டும் இசட்டும் சேர்த்து அழுத்தினால், விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்று திரையின் மேலே காட்டும். பயணிகள் விமான ஸ்லைடரை 100, 20, 0 என்று மூன்று முறை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். என் பழைய கம்ப்யூட்டரில் 11, 24, 29 என்று வந்தது. சினிமாவே விநாடிக்கு 24 படம்தான். பிறகு திரையின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எண் ஏறவில்லை என்றால் கார்டு நிரபராதி. பண்ருட்டியில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நண்பர் இதைச் செய்துவிட்டு, கடைக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தைத் திரும்ப பாங்க்கில் போட்டுவிட்டார்.

2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. அதில் டெவலப்பர் மோடைத் திறந்து ஃபிரேம் கணக்கைக் காட்டச் சொன்னால், தடை 'மெயின் த்ரெட்' என்கிற ப்ராசசர் பக்கமா, கார்டு பக்கமா என்று அதுவே எழுதிக் காட்டும். நிற்கும் விமானங்கள், நிலைய வண்டிகள், ஊழியர்கள் ஆகியவற்றையும் அதில் தனித்தனியாகக் குறைக்கலாம்.

எதை முதலில் வெட்டுவது? எஃப்எஸ்எக்ஸில் என் வரிசை இது. சாலை வண்டிகள் முதலில். ஆகாயத்தில் இருப்பவனுக்கு ஜி.எஸ்.டி. ரோடு கார்கள் எதற்கு? அந்த ஸ்லைடர் நிறையச் சாப்பிடுகிறது. அடுத்து படகுகள். அதன் பிறகு சிறிய தனியார் விமானங்கள். மீனம்பாக்கத்தில் எத்தனை செஸ்னாவைப் பார்த்திருக்கிறீர்கள்? பயணிகள் விமானத்தை மட்டும் 20-க்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு விமானத்தின் கால அட்டவணையிலும் எத்தனை சதவீதத்தில் அது தோன்ற வேண்டும் என்று ஓர் எண் இருக்கும். ஸ்லைடர் அந்த எண்ணைத் தொட்டால்தான் விமானம் வரும். ஆலை கொடுக்கும் கட்டிங் ஆர்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலில் கரும்பு எவ்வளவு நின்றாலும் ஆர்டர் வந்தவர்தான் வெட்ட முடியும்.

இன்னொன்று, புதிதாக விமானங்கள் சேர்ப்பவர்கள் ஏஐ-க்கென்றே செய்த மாடல்களை மட்டும் சேர்க்க வேண்டும். அவை தள்ளிப் போகப் போக எளிய உருவமாக மாறி பாரத்தைக் குறைக்கும். நாம் உட்கார்ந்து ஓட்டுவதற்காக நுணுக்கமாகச் செய்த விமானத்தை ஏஐ-க்குக் கொடுத்தால், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும்போதும் அதன் சக்கரத்து போல்ட் வரை கம்ப்யூட்டர் சுமக்க வேண்டியிருக்கும்.

"அப்படியானால் மொத்தத்தையும் பூஜ்யமாக்கிவிட்டால் ஆயிற்று" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. விமானமே இல்லாத மீனம்பாக்கம், பந்த் நாளன்று கடலூர் பேருந்து நிலையம் மாதிரி இருக்கும். முன்னால் ஒன்று இறங்கட்டும் என்று காத்திருப்பதும், டவர் மற்றவர்களிடம் பேசுவது காதில் விழுவதும்தான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி ருசி. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சுச் சத்தம் ஒரு துணையும்கூட.

100 வைத்தால்தான் நிஜம் என்பதும் சரியில்லை. நிஜ டவரில் இருப்பவர்கள் வருகிற விமானங்களுக்கு இடைவெளி பார்த்து, வேகத்தைக் குறைக்கச் சொல்லி வரிசைப்படுத்துகிறார்கள். எஃப்எஸ்எக்ஸ் டவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. இறங்கிய விமானம் ஓடுதளத்தை விட்டு மெதுவாக ஊர்ந்து வெளியேறும். பின்னால் வருவது இறங்க முடியாமல் மேலே ஏறி மறுபடி சுற்றி வரும். அந்தக் கூட்டத்தில் நாமும் மாட்டிக்கொள்வோம். நாம் கையை அசைத்து அரை விநாடி கழித்து விமானம் அசைந்தால், எவ்வளவு அழகான காட்சி இருந்தும் பக்குவமாகத் தரையிறக்க முடியாது.

கார்டே வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. விமானங்களை எல்லாம் நிறுத்திய பிறகும் மேகத்துக்குள் போனால் திணறுகிறது, ரெசல்யூஷனைக் குறைத்தால் சரியாகிறது என்றால் அது கார்டின் குறைதான், தாராளமாக வாங்குங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இந்தச் சோதனைக்குக் கொடுங்கள். மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தத் தாளைக் காட்டிக் கேட்டால் அவரும் யோசித்துத்தான் பதில் சொல்வார்.