பாதத் தொய்வுக்குக் கால்தாங்கி: ஏன் உடனே, ஏன் இங்கேயே

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நரம்புப் பாதிப்பால் நடை குலைந்தவர்களின் மறுவாழ்வுக்காக இயங்கும் எங்கள் அமைப்பு, பாதத் தொய்வுச் சிகிச்சை பற்றிய தன் நிலைப்பாட்டை இங்கே முன்வைக்கிறது. பாதத்தைத் தூக்க முடியாமல் போனவருக்கு, அளவெடுத்துச் செய்த கால்தாங்கி அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்குள் கிடைக்க வேண்டும். அதைச் செய்யவும் பழுது பார்க்கவும் இவ்விரு மாவட்டங்களுக்குள்ளேயே வசதி வேண்டும். மின்தூண்டல் கருவி, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, அறுவை சிகிச்சை ஆகியவை நோயாளியின் நிலையைப் பார்த்து அடுத்து முடிவு செய்ய வேண்டியவை.

'கால் இழுக்குது' என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இருப்பவை வேறு வேறு கோளாறுகள். பக்கவாதத்தில் பழுது மூளையில். காலுக்கு வரும் நரம்பு உயிரோடுதான் இருக்கிறது. விபத்திலோ தொழுநோயிலோ அடிபடுவது முழங்காலின் வெளிப்புறத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே எலும்பைச் சுற்றி ஓடும் நரம்பு. நெடுநேரம் குந்தியிருந்தாலும் அது நசுங்கும். மேலைநாடுகளில் ஸ்ட்ராபெரி பறிக்கும் கூலிகளிடம் இதைக் கண்டு, அந்தப் பழத்தின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். பெரம்பலூர்க் காடுகளில் சின்ன வெங்காயம் பிடுங்குபவர்களும் அதே குந்தலில்தான் வேலை செய்கிறார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தால் பணம்தான் விரயம். 1961இல் லிபர்சன் என்ற மருத்துவரின் குழுவினர் பக்கவாத நோயாளிகளுக்காக உருவாக்கிய மின்தூண்டல் முறை, நரம்பு வழியாகத்தான் தசையை எழுப்புகிறது. நரம்பே அறுந்துபோனவருக்கு அது உதவாது. 'கரண்ட் வைத்தால் சரியாகும்' என்று கடைகளில் விற்கும் மசாஜ் பெட்டிகள் இந்தக் கணக்கிலேயே வராது. தொழுநோயில் நரம்பு வீங்கிப் பலவீனம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் மீள வாய்ப்புண்டு. காலம் கடந்தால், பின்காலின் தசைநாணை முன்புறம் மாற்றித் தைக்கும் அறுவையே வழி. அறுந்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அது வளர்ந்து தசையை எட்டும்வரை கெண்டைக்கால் இறுகிவிடாமல் காப்பதும், காத்திருக்கும் மாதங்களில் ஆளை நடக்க வைப்பதும் கால்தாங்கியின் வேலை.

நவீன மின்தூண்டல் கருவி இருக்கும்போது பிளாஸ்டிக் தாங்கி எதற்கு என்பார்கள். நாங்கள் கருவிக்கு எதிரிகள் அல்ல. மூளை, தண்டுவடப் பாதிப்பால் வரும் தொய்வில் அது நடையை மேம்படுத்துகிறது என்பதை பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் 2013இல் அமெரிக்காவில் பக்கவாதம் கண்ட 197 பேரிடம் 30 வாரம் இரண்டையும் ஒப்பிட்டபோது, நடைவேகம் இரு பிரிவினருக்கும் கூடியது. ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று சொல்லும்படி வேறுபாடு இல்லை. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அரசுப் பணத்தை முதலில் எதில் போடுவது என்பதற்கு எங்களுக்கு இதுவே போதும்.

தாங்கி போட்டால் தசை சோம்பிவிடும் என்ற அச்சம் நோயாளிகளிடம் மட்டுமல்ல, மருத்துவத் துறையிலும் இருக்கிறது. நெதர்லாந்தில் பக்கவாத நோயாளிகளுக்கு முதல் வாரத்திலோ ஒன்பதாம் வாரத்திலோ தாங்கி கொடுத்து 26 வாரம் கவனித்த ஆய்வில், பாதத்தைத் தூக்கும் தசையின் செயல்பாடு அதனால் குறையவில்லை. அதே ஆய்வு எங்களுக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்கிறது: 26ஆம் வாரத்தில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். அப்படியானால் அவசரம் எதற்கு? அங்கே தாமதம் என்பது எட்டு வாரம். அதுவும் மறுவாழ்வு மையத்துப் பயிற்சியின் நடுவே. கூலிக்குப் போகிறவருக்கு எட்டு வாரம் என்றால் ஓர் அறுவடையே போய்விடும். வீட்டுக்குள் முடங்கியவருக்கு அந்த எட்டு எத்தனையாக நீளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முன்கூட்டியே தாங்கி பெற்றவர்கள் அதிகம் விழுந்தார்கள். பெரும்பாலும் தாங்கியைக் கழற்றியிருந்த நேரத்தில். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போகும் நம் வீடுகளில் இது பெரிய விஷயம். ஷூவுக்குள் போடும் தாங்கியை மட்டும் கொடுத்தால், கிணற்றடியிலும் கழிப்பறையிலும் அவர் மறுபடி தொங்கும் பாதத்தோடுதான் நிற்பார். வெறுங்காலில் அணிய, அடிப்புறம் வழுக்காத, கழுவக்கூடிய இன்னொரு தாங்கியும் வேண்டும். மழை பெய்தால் அப்பிக்கொள்ளும் கரிசலில் எது தாக்குப்பிடிக்கும் என்பதைச் சென்னையில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. 2022இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் அளவெடுத்து வார்த்துத் தரும் பட்டறையும், அதற்கென்று பயின்ற நுட்பர்களும் வேண்டும் என்று கேட்பது இதனால்தான். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர், ஒவ்வொரு முறையும் தாங்கியைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ உணர்வு மரத்த காலில் பிளாஸ்டிக் விளிம்பு அறுத்துப் புண்ணாக்கினாலும் அவருக்கு வலி தெரியாது.