ரிவர்ஸ் கேமராவை நீங்களே காரில் பொருத்தலாமா? மாட்டுவதற்கு முன் இதைப் படிங்க!

பட்ஜெட் இடித்ததால் பேஸ் வேரியன்ட் கார் வாங்கியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும். டச் ஸ்க்ரீன் மாட்டியாச்சு, சீட் கவர் போட்டாச்சு, ரிவர்ஸ் கேமரா மட்டும்தான் பாக்கி. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கேமரா கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாமே மாட்டிவிட்டால் என்ன?

தாராளமாக மாட்டலாம். ஆனா அரை நாள் ஒதுக்கணும், சில இடங்களில் பொறுமையும் வேணும்.

சென்சார்தான் இருக்கே, கேமரா எதுக்கு?

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் புதிய கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயம். ஆனால் சென்சார் 'பீப்' என்று கத்தும், அவ்வளவுதான். பின்னால் நிற்பது சுவரா, பூந்தொட்டியா, பந்து எடுக்க ஓடிவந்த குழந்தையா என்று சொல்லாது. பம்பருக்குக் கீழே, தரையை ஒட்டி இருப்பதை அது தவறவிடவும் வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவில் 2002-ல் கேமரூன் கல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டு வாசலில் தந்தை ரிவர்ஸ் எடுத்த காரில் சிக்கி இறந்தது. தந்தை ஒரு குழந்தைகள் நல மருத்துவர். அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, 2018 மே 1 முதல் அங்கே புதிய கார்கள் எல்லாவற்றிலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயமாகிவிட்டது. காருக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளப் பகுதி திரையில் தெரிய வேண்டும் என்பது விதி. அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே பிள்ளைகள் விளையாடும் நம்ம ஊரில், கேமராவை இன்னும் விலை கூடிய வேரியன்ட்டுக்கான சலுகை மாதிரி வைத்திருப்பது நியாயமே இல்லை.

வயரிங்... இங்கேதான் சூட்சுமம்

வேலையின் அடிப்படை எளிது. கேமராவுக்கு 12 வோல்ட் மின்சாரத்தை ரிவர்ஸ் லைட்டில் இருந்து எடுக்கிறோம். கியர் போட்டால் லைட் எரியும், கேமராவும் உயிர் பெறும். மஞ்சள் முனை கொண்ட வீடியோ கேபிள் முன்னால் இருக்கும் ஸ்க்ரீனுக்குப் போகும். அந்தக் கேபிளோடு ஒட்டி ஒரு மெல்லிய சிவப்பு வயர் வரும். பலர் அதை வேண்டாத வயர் என்று நினைத்துச் சுருட்டி வைத்துவிடுவார்கள். 'ரிவர்ஸ் போட்டாச்சு, பாட்டை நிறுத்திட்டுப் படத்தைக் காட்டு' என்று ஸ்க்ரீனுக்குச் சொல்வதே அதுதான். பின்பக்கம் ரிவர்ஸ் லைட்டின் பாசிட்டிவிலும், முன்பக்கம் ஸ்க்ரீனின் ரிவர்ஸ் வயரிலும் அதை இணைக்கணும்.

அடுத்து ஃபியூஸ். மின்சாரம் எடுக்கும் இடத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டுவிடுங்கள். 'கார்லதான் ஏற்கெனவே ஃபியூஸ் இருக்கே?' என்று கேட்கலாம். அது காரின் தடித்த வயருக்குக் கணக்குப் பண்ணி வைத்தது. கேமராவின் நூல் போன்ற வயர் எங்காவது தோல் உரிந்து பாடி இரும்பில் பட்டால், பெரிய ஃபியூஸ் போவதற்குள் சின்ன வயர் சூடேறி உருகிவிடும். பக்கத்திலேயே கார்ப்பெட்டும் பிளாஸ்டிக்கும்! சில ரூபாய் ஃபியூஸை மிச்சம் பிடித்து எடுக்கிற ரிஸ்க் இது.

தோல் உரிய அதிக வாய்ப்புள்ள இடம் டிக்கி கதவு. அவசரத்தில் கதவு இடுக்கு வழியாக வயரை இழுத்துவிட்டால், ஒவ்வொரு முறை மூடும்போதும் அது நசுங்கும். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் கொண்டுபோவதுதான் சரி. கொஞ்சம் விரலை வலிக்கும், பரவாயில்லை. அங்கிருந்து கதவுகளின் கீழ்ப்படி பிளாஸ்டிக்குக்கு அடியில் முன்னால் போகலாம். பில்லர் ஓரமாக மேலே ஏற்றாதீர்கள், கர்டன் ஏர்பேக் இருக்கும் கார்களில் அது ஆபத்து. மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் ஏர்பேக் வயராக இருக்கலாம், தொடவே வேண்டாம்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். வாரன்டியில் இருக்கும் கார் என்றால் வயரை வெட்டாமல், உங்கள் மாடலுக்கான கப்ளர் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நம்பர் பிளேட் ஸ்க்ரூவில் மாட்டுகிற கேமராவை வாங்காமல் இருப்பது நல்லது. உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் பூட்டைக் கழற்றினால் திரும்பப் போட முடியாது.

படம் வந்துவிட்டதா? உடனே ஸ்டேட்டஸ் போடாதீங்க!

முதலில் இடம், வலம் பாருங்கள. ஒருவரைக் காரின் இடப்பக்கமாகப் பின்னால் நிற்கச் சொன்னால், திரையிலும் அவர் இடப்பக்கம்தான் தெரியணும். மாறித் தெரிந்தால் கேமரா 'ஃப்ரன்ட்' மோடில் இருக்கிறது. பல மாடல்களில் இதை மாற்ற ஒரு சின்ன வயர் வளையம் இருக்கும், மேனுவலில் எந்த நிறம் என்று பார்த்து வெட்ட வேண்டும். இதைச் சரிசெய்யாமல் ஓட்டுவதைவிட கேமரா இல்லாமல் ஓட்டுவதே மேல்.

பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளையும் அப்படியே நம்ப வேண்டாம். மலிவு கேமராக்களில் அவை உங்கள் காரை அளந்து போட்டவை அல்ல. ஒரு பிளாஸ்டிக் வாளியை பம்பரில் இருந்து 1 மீட்டரில் வைத்து, திரையில் எந்தக் கோட்டில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2 மீட்டரில். கடைசியாக வாளியை பம்பரை ஒட்டி வையுங்கள். தெரியவில்லையா? கேமராவை இன்னும் கொஞ்சம் கீழே சாய்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.